ஏழாங்கட்டை இத்தாலி

கோலசிலாங்கூரில் போய் உடையப்பன் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. இத்தாலி என்று கேளுங்கள், கையோடு கூட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூட அவனுக்குத் தெரியாது. விமானத்தில் ஏறியதே ஒரே ஒரு தடவைதான், அதுவும் லங்காவித் தீவுக்கு, மச்சான் கல்யாணத்துக்கு. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. சும்மா ஒட்டவில்லை, காரணம் இருக்கிறது. சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

ஜெராம் போகிற சாலையில் ஏழாவது மைலில் இருப்பதால் அவன் பிறந்து வளர்ந்த இடத்துக்கு ஏழாங்கட்டைத் தோட்டம் என்று பெயர். அங்கே ஒரு காற்பந்துத் திடல் உண்டு. பெயர்தான் திடல். ஒரு பக்கம் மாரியம்மன் கோயில், இன்னொரு பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்கள், தெற்குக் கோலுக்குப் பின்னால் பத்தடி தள்ளி பெரிய வாய்க்கால். அந்தத் திடலுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. யாரைத் தாண்டிப் பந்து வாய்க்காலுக்குப் போகிறதோ அவன்தான் இறங்கி எடுக்க வேண்டும். வாய்க்காலில் அட்டை உண்டு, உடும்பு உண்டு, மழை பெய்தால் கழுத்தளவுத் தண்ணீரும் உண்டு. பத்து வயதில் உடையப்பனைத் தெற்குக் கோலுக்கு முன்னால் நிறுத்தினார்கள். முதல் வாரத்திலேயே பதினோரு தடவை இறங்கி ஏறினான். காலில் அட்டை கடித்த ரத்தத்தோடு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் விளக்குமாற்றால் வாங்கிக் கட்டிக்கொண்டான். அப்போது ஒரு முடிவுக்கு வந்தான். இனிமேல் எவனும் என்னைத் தாண்டிப் போகக்கூடாது. பயிற்றுநர் கிடையாது, பாடப்புத்தகம் கிடையாது. அவனைத் தற்காப்பு ஆட்டக்காரனாக ஆக்கியது அட்டைதான்.

பதினேழு வயதில் ஷா ஆலாமில் மாநில இளைஞர் குழுவுக்குத் தேர்வு நடந்தது. நூற்றைம்பது பேர் போனார்கள், இவன் பெயர் வந்தது. வந்து இரண்டு மாதம் ஆகவில்லை, அப்பா தோளில் செம்பனைக் குலை விழுந்து கை தூக்க முடியாமல் போய்விட்டது. அப்பா பிடித்த கழியை மகன் பிடித்தான். இதற்காக நான் ஒப்பாரி வைக்கப் போவதில்லை, அவனும் வைக்கவில்லை. யாராவது ‘ச்சே, எங்கயோ போயிருக்க வேண்டியவன்’ என்று உச்சுக் கொட்டினால் அவனுக்குக் கோபம் வரும். “எங்கயும் போவல, இங்கதான் இருக்கேன். வாய்யா, பந்த எடுத்துட்டு வா, தாண்டிக் காட்டு” என்பான்.

குலை வெட்டுகிற வேலையைப் பார்த்திருக்கிறீர்களா? நீளக் கழியின் நுனியில் அரிவாள். மரத்தின் உச்சியில் இருபது இருபத்தைந்து கிலோ குலை. புதிதாக வேலைக்கு வந்தவன் குலையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான். அது காம்பறுந்து வருகிற வேகத்துக்கு அவன் நகர்வதற்குள் கதை முடிந்துவிடும். அனுபவசாலி குலையைப் பார்க்க மாட்டான், காம்பைப் பார்ப்பான். காம்பு எந்தப் பக்கம் கிழிகிறது என்று தெரிந்தவுடனே அவன் கால் நகர்ந்திருக்கும். உடையப்பன் பந்தாடியதும் அப்படித்தான். எதிராளி காலால் என்ன வித்தை காட்டினாலும் அவன் காலைப் பார்க்க மாட்டான், இடுப்பைப் பார்ப்பான். இடுப்பு பொய் சொல்லாது என்பான். எதிராளி வலப்பக்கம் போகலாமா என்று நினைக்கும்போதே இவன் அங்கே நின்றுகொண்டிருப்பான்.

இரண்டாயிரத்து ஆறில் இத்தாலி உலகக் கிண்ணத்தை வென்றது. அந்த ஆட்டங்களை எல்லாம் உடையப்பன் கோலசிலாங்கூரில் சீனி முகம்மதுவின் சாப்பாட்டுக்கடைத் தொலைக்காட்சியில் பார்த்தான். கடையிலிருந்தவர்கள் கோல் விழுந்தால் மேசையைத் தட்டினார்கள். இவன் ஒருவன்தான் கோல் விழாதபோது தட்டினான். நீலச் சட்டைக்காரன் ஒருவன் குறுக்கே பாய்ந்து பந்தை வெட்டிவிட்டால், ‘ஆகா!’ என்று எழுந்து நின்றுவிடுவான். ஏழு ஆட்டத்தில் இத்தாலி வாங்கியது இரண்டே கோல். ஒன்று சொந்த ஆளே தவறிப் போட்டது, இன்னொன்று பெனால்டி. “எதிராளி ஓடியாடிப் போட்டது ஒண்ணுகூட இல்லண்ணே!” என்று கல்லாவில் இருந்த சீனி முகம்மதுவிடம் நாலு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “டேய் இத்தாலி, டீ ஆறுதுடா, குடிச்சிட்டுக் கெளம்பு” என்றார். அன்றைக்கு விழுந்த பெயர்.

அந்தச் சீனி முகம்மதுதான் டவுன் குழுவின் நிர்வாகி. வட்டாரக் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் ஏழாங்கட்டை மூன்று தடவை டவுன் குழுவோடு மோதியது, மூன்று தடவையும் தோற்றது. ஒருமுறை கூடுதல் நேரத்தில், ஒருமுறை பெனால்டியில், ஒருமுறை, சொல்லவே வயிறு எரிகிறது, கோல் காவலர் கையிலிருந்து நழுவிய பந்தால். மூன்று ஆட்டத்திலும் உடையப்பனைத் தாண்டி ஒருவனும் போனதில்லை என்று சத்தியம் செய்ய ஆளிருந்தது. கிண்ணம்தான் இல்லை. தோற்ற ஒவ்வொரு மறுநாளும் அவன் வழக்கம்போலக் கழியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனான்.

இப்போது அவனுக்கு முப்பத்தொன்பது வயது. மழை வரப்போவதை வானொலிக்கு முன்னாலேயே இரண்டு முட்டியும் சொல்லிவிடுகின்றன. இந்த வருடம் போட்டிகள் தொடங்கும்போதே மனைவி நித்தியாவிடம் சொல்லிவிட்டான், இதுதான் கடைசி என்று. அந்தக் கிண்ணத்தை ஒரே ஒரு தடவை கையில் தூக்கிப் பார்த்துவிட வேண்டும். அவன் வாழ்க்கையில் ஆசை என்று வாய்விட்டுச் சொன்னது அது ஒன்றுதான்.

அரையிறுதியில் சுங்கை சோ குழு. கோல் இல்லாமல் முடிந்து பெனால்டிக்குப் போனது. உடையப்பனால் பார்க்க முடியவில்லை. திரும்பி நின்றுகொண்டு, தோட்டம் இருக்கும் திசையைப் பார்த்து, ‘ஆத்தா, இறுதியாட்டத்துல கொண்டுபோய் விட்டுரு. இந்த வருசம் பூ மிதிக்கிறேன்’ என்று வேண்டிக்கொண்டான். ஏழாங்கட்டை ஜெயித்தது. வீட்டுக்கு வந்து சொன்னதும் நித்தியா தலையில் அடித்துக்கொண்டாள்.

“கேக்கிறதுதான் கேட்டீங்க, கிண்ணத்தையும் சேத்துக் கேட்டா என்ன? ஆத்தா என்ன கிலோ கணக்கா போட்டா தருது?”

“அது எங்க வேல, நித்தியா. அதையும் ஆத்தாகிட்ட போய்க் கேட்டா வெக்கமா இல்ல?”

தேதியெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஞாயிறு இறுதியாட்டம், அடுத்து வரும் வெள்ளிக்கிழமை கோயிலில் காப்புக் கட்டு, அதற்குப் பத்தாம் நாள் பூமிதி. ஆனால் அந்த ஞாயிறு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. டவுன் திடலில் முழங்கால் அளவுத் தண்ணீர். ஆட்டத்தை அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிவைத்தார்கள். வட்டாரக் காற்பந்துச் சங்கத்திலிருந்து அந்தச் செய்தி வந்து சேர்ந்தபோது வெள்ளிக்கிழமை ராத்திரி. உடையப்பனின் வலது மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறு இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் ஏறியிருந்தது.

காப்புக் கட்டியவன் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. கவிச்சி கிடையாது, தோல் செருப்பு கிடையாது, மனைவியைத் தொடக்கூடாது, கோயிலில் பாய் போட்டுப் படுக்க வேண்டும். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயமில்லை, எல்லாருக்கும் வேலை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. இப்போது பாதி சனம் வெளியே தொழிற்சாலைக்குப் போகிறது. அதனால் கோயில் கமிட்டி ஒரு வழி செய்து வைத்திருந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அம்மன் பாதத்தில் வைத்த எலுமிச்சம்பழம் ஒன்று. பையில் போட்டுக்கொண்டு போய், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும்.

சனிக்கிழமை காலை கோயிலில் கூட்டம் கூடிவிட்டது. அணியின் முன்னணி ஆட்டக்காரன் பவனேஷ், இருபது வயது, வாய் கொஞ்சம் நீளம், கமிட்டித் தலைவர் அழகேசனிடம் நேராகவே கேட்டான். அழகேசன் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்குப் பிசகாத மனிதர், அதனாலேயே பலருக்குப் பிடிக்காது.

“பேக்டரிக்குப் போறவங்களுக்குப் பழம் இருக்குல்ல? இத்தாலி அண்ணனுக்கும் ஒண்ணு குடுங்க லா. ரெண்டு மணி நேரம், ஆடிட்டு வந்துருவாரு.”

“சோத்துக்குப் போறது வேற, பந்துக்குப் போறது வேற. இன்னிக்குப் பந்துக்குக் குடுத்தா நாளைக்கு சினிமாவுக்குக் கேப்பீங்க.”

“சினிமாவும் இதுவும் ஒண்ணா, கிராணி?”

தோட்டம் இரண்டு பட்டது. பெண்கள் ஒரு பக்கம், கிழவர்கள் ஒரு பக்கம், இளவட்டங்கள் எல்லாப் பக்கமும். மத்தியானம்வரை சத்தம். கடைசியில் அழகேசனே இறங்கி வந்தார். அவரும் மூன்று தோல்வியையும் கண்ணால் பார்த்தவர்தானே. பழத்தட்டை எடுத்து நீட்டி, “சரி, வாங்கிக்கப்பா. ஆனா வெளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி வந்துரு” என்றார். பவனேஷ் விசிலடித்தே விட்டான்.

உடையப்பன் கையை நீட்டவில்லை.

“வேணாங்கையா” என்றான். “நான் ஆத்தாகிட்ட பேசுனப்ப எலுமிச்சம்பழத்தப் பத்திப் பேசல. கேட்டத குடுத்துருச்சு. இப்ப நான் போய் நெளிவு சுளிவு பாத்தா நல்லாருக்காது.”

அடடா, அந்த நேரம் அவனைப் பிடித்து உலுக்கத் தோன்றாதவர்கள் அந்தக் கோயிலில் யாருமில்லை. நித்தியா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். “நல்லா நெஞ்சழுத்தம்யா ஒங்களுக்கு! இருபது வருசமா அந்தக் கிண்ணம் கிண்ணம்னு தூக்கத்துல கூட பெனாத்திட்டு, இப்ப வீட்டு வாசல்ல வந்து நிக்கிறப்ப கதவச் சாத்துறீங்க” என்று திட்டிக்கொண்டே போனாள். பாதி வழியில் அழுகை வந்துவிட்டது. அவன் மேல் கோபமா, பெருமையா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உடையப்பன் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து சீனி முகம்மதுவுக்குப் போன் போட்டான். உதவி கேட்க இல்லை. நாளைக்கு ஆளைக் காணோமென்றால் ‘இத்தாலி பயந்துட்டான்’ என்று டவுனில் பேச்சு வரும். அது மட்டும் கூடாது.

“அண்ணே, நாளைக்கு நான் வரலண்ணே. காப்புக் கட்டிட்டேன். எங்க பயலுங்க வருவானுங்க. நல்லபடியா ஆடுங்க.”

மறுமுனையில் கடை இரைச்சல். அதையும் தாண்டி ஒரு வெடி.

“என்னடா பேசுற நீ? நீ இல்லாத ஏழாங்கட்டைய ஜெயிச்சா எனக்கு என்னடா பேரு? சீனி முகம்மது ஆளில்லாத வீட்டுல பூந்துட்டான்னு சொல்ல மாட்டானுங்க?”

“நேந்துக்கிட்டேன், அண்ணே.”

“நேர்ச்சைன்னா நேர்ச்சைதான், அத நான் ஒண்ணும் சொல்லல. நாங்க நாகூருக்கு நேந்துக்கிட்டா விட்டுருவமா? நீ எல்லையத் தாண்ட வேணாம். ஒங்க கோயில் பக்கத்துல ஒரு திடல் இருக்குல்ல, அது ஒங்க எல்லைக்குள்ளதானே?”

“ஆமாண்ணே.”

“அப்பறம் என்ன! நாங்க வர்றோம். டவுன் திடல்ல இன்னும் வாத்து நீந்துது, இந்தச் சங்கத்துக்காரனுங்க அங்க எப்படி ஆடச் சொல்றானுங்கன்னு பாக்குறேன்.”

அந்த மனிதர் சொன்னால் செய்வார். சாயங்காலமே சங்கத்துச் செயலாளரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து திடலைக் காட்டிவிட்டார். தரை காய்ந்திருந்தது, கோடு போட்டால் போதும். அழகேசன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார், ஏழு மணிப் பூசைக்கு முன்னால் ஆட்டம் முடிய வேண்டும். ஒரு சிக்கல் மட்டும் மிச்சமிருந்தது. உடையப்பனின் பந்தாட்டச் சப்பாத்து தோல். அவன் குலை வெட்டப் போகும்போது போடுகிற கறுப்பு ரப்பர் சப்பாத்தைக் கொண்டுவந்து காட்டினான். அடியில் முள் முள்ளாக இருந்தது. நடுவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, போ என்று தலையை ஆட்டினார்.

ஞாயிறு சாயங்காலம் அந்தத் திடலில் ஈ நுழைய இடமில்லை. கம்போங் குவாந்தானில் ராத்திரி மின்மினி காட்டப் படகு ஓட்டுகிறவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கோயிலில் உறுமி அடிக்கத் தொடங்கியிருந்தார்கள், திருவிழாவுக்கு ஒத்திகை. டவுன் ஆட்களுக்கு அந்தச் சத்தத்தில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை. ஏழாங்கட்டைக்காரர்களுக்கு அது பிறந்ததிலிருந்து பழக்கம்.

பதினெட்டாவது நிமிடம் மூலையிலிருந்து வந்த பந்து நாலைந்து பேர் மேல் பட்டுத் தெறித்து, கடைசியில் பவனேஷின் முட்டியில் பட்டு உள்ளே போய்விட்டது. அவன் வேண்டுமென்று அடித்ததில்லை, பந்து தானாக வந்து மோதியது. அதனாலென்ன, கோல் கோல்தான். அவன் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடி வந்தான். உடையப்பன் அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை, தன் இடத்தை விட்டு நகராமல், “ஒண்ணு போதுண்டா. மிச்சத்த நான் பாத்துக்கிறேன், சட்டையப் போடு” என்றான்.

மிச்சம் என்றால் எழுபத்திரண்டு நிமிடம்.

டவுன் குழுவில் நஜ்மி என்று ஒருவன், சீனி முகம்மதுவின் அண்ணன் மகன், இருபத்திரண்டு வயது, காற்று மாதிரி ஓடுவான். அந்தப் பருவத்தில் பதினான்கு கோல் போட்டவன். உடையப்பனைவிட மூன்று மடங்கு வேகம், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் எங்கே ஓட வேண்டும் என்பதை யார் முடிவு செய்தது? உடையப்பன் அவனை நடுவில் விடவே இல்லை. அரையடி இடம் கொடுப்பான், அது ஓரமாகத்தான் இருக்கும். நஜ்மி அதை நம்பி ஓடுவான், கோட்டருகே போனதும் கதவு மூடியிருக்கும். ஒரு தடவை, இரண்டு தடவை, ஏழு தடவை. எட்டாவது தடவை நஜ்மி நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “என்னா அண்ணே, வழியே விட மாட்டீங்களா?” என்று கேட்டேவிட்டான்.

“வழி கெடக்கு, தம்பி. ஜெராம் ரோட்டுல.”

இடைவேளைக்குப் பிறகு டவுன் குழு மொத்தமாக இறங்கி வந்தது. ஏழாங்கட்டைக்காரர்கள் பதினொரு பேரும் தெற்குக் கோலுக்கு முன்னால் கூடி நின்றார்கள். உடையப்பன் கை நீட்டிய இடத்தில் நின்றார்கள், அவன் சொன்னபோது நகர்ந்தார்கள். வருகிற பந்தையெல்லாம் அவன் வாய்க்காலுக்கே அனுப்பினான். அது தண்ணீரிலிருந்து ஏறி வருவதற்குள் இவர்களுக்கு மூச்சு வந்துவிடும். ஓரத்தில் நின்ற சீனி முகம்மதுவுக்குத் தாங்கவில்லை. “டேய் இத்தாலி! நான் கொண்டாந்ததே நாலு பந்துடா, நாலும் முங்கிருச்சு!” என்று கத்தினார். அப்படிக் கத்தும்போது அவருக்குச் சிரிப்பும் வந்தது.

எழுபதாவது நிமிடம் தலையால் ஒரு பந்தை வெட்டப் போய் இன்னொருவன் மண்டையில் இடித்து உடையப்பனின் புருவம் கிழிந்தது. ரத்தம் கண்ணை மறைத்தது. நித்தியா கோயிலுக்குள் ஓடி ஒரு பிடி மஞ்சளை எடுத்து வந்து தட்டோடு நீட்டினாள். அவனே எடுத்து அப்பிக்கொண்டு திரும்பி நடந்தான். முட்டி இரண்டும் எரிந்தன. வெளியே வந்துவிடு என்று சொல்ல அந்தத் திடலில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

கடைசி நிமிடம். தட்டுத் தடுமாறி வந்த ஒரு பந்து நஜ்மி காலில் விழுந்தது. கோல் காவலர் முன்னேறிப் பாய்ந்தார், நஜ்மி அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான். முன்னால் காலி கோல். அவன் பந்தைத் தட்டினான், ஓங்கிக்கூட அடிக்கவில்லை, அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. பந்து உருண்டது. ஆனால் அவன் காவலரைச் சுற்றத் தொடங்கியபோதே அவனுடைய இடுப்பு எந்தப் பக்கம் திரும்பியது என்று உடையப்பன் பார்த்துவிட்டான். எல்லாரும் காவலரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் ஒருவன் கோல் கோட்டை நோக்கி ஓடினான். முப்பத்தொன்பது வயது, இரண்டு பழுதான முட்டி, ஒரு கண்ணில் மஞ்சளும் ரத்தமும். கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது ரப்பர் சப்பாத்தோடு சறுக்கி வந்து பந்தை வெட்டினான். அது கம்பத்தின் வெளிப்பக்கம் உரசிக்கொண்டு போனது.

திடல் முழுக்க ஒரே கூச்சல். உறுமி உச்சத்துக்குப் போனது. நடுவர் மூன்று தடவை விசில் ஊதினார். நஜ்மி தரையில் உட்கார்ந்துவிட்டான். சீனி முகம்மது தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, “இப்ப ஜெயிச்சான்டா பய, இதுதான்டா ஜெயிப்பு” என்று பக்கத்தில் நின்ற அழகேசனிடம் சொன்னார். அழகேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். சனம் கோட்டைத் தாண்டி உள்ளே பாய்ந்தது.

உடையப்பனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையை நீட்டி ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தான். “பவனேசு, எடத்துக்குப் போடா! கார்னர் வருது! ஏழாம் நம்பர யார்டா பாக்குறது?” பவனேஷ் ஆடிக்கொண்டு ஓடி வந்தான். “சனியனே, எடத்துக்குப் போன்னு சொல்றேன்ல!” என்று உடையப்பன் அவனைப் பார்த்து இன்னொரு சத்தம் போட்டான்.

நித்தியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். காப்புக் கட்டியவனை மனைவி தொடக்கூடாது, அதனால் அவனுக்கு நேர் எதிரே, ஒரு கை தூரத்தில் வந்து நின்றாள்.

“முடிஞ்சிருச்சுங்க.”

“என்ன முடிஞ்சிருச்சு? இன்னும் கார்னர் இருக்கு.”

“எல்லாம் முடிஞ்சிருச்சு. ஜெயிச்சாச்சு. விசில் ஊதிட்டாங்க.”

அவன் அவளைப் பார்த்தான். நடுவரைப் பார்த்தான். சங்கத்துச் செயலாளர் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தன்னை நோக்கி வருவதைப் பார்த்தான்.

“நெசமாவா, நித்தியா?”

“நெசமாங்க.”

அவன் கோல் கோட்டின் மேலேயே உட்கார்ந்தான். கிண்ணத்தை அவன் மடியில் வைத்தார்கள். அதன் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, தோளெல்லாம் குலுங்க, ஒரு தோட்டமே சுற்றி நின்று பார்க்கிறதே என்ற வெட்கம்கூட இல்லாமல் ஓவென்று அழுதான். யாரோ சமாதானம் சொல்ல வந்தார்கள். நித்தியா அவர்களைத் தடுத்தாள்.

“விடுங்க, அழுவட்டும்” என்றாள். “மூணு வாட்டி அழுவாததையும் சேத்து அழுவுறாரு.”